இருபத்திரண்டாவது மாடியில் ஒரு தெரு

ஹோட்டலுக்கு வந்து சேர்ந்துவிட்டதாகக் கைப்பேசி சொன்னது. எதிரே ஹோட்டலைக் காணோம். ஒரு சதுக்கம்தான் இருந்தது. நான்கைந்து முதியவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்து நூடுல்ஸ் கடை அண்டாவிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு சதுக்கத்தின் கடைசிவரை போய், கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அடிவயிறு கூசிவிட்டது. வெகு கீழே இன்னொரு தெரு. அங்கேயும் கடைகள், கார்கள், குடை பிடித்துப் போகும் மனிதர்கள். அவ்வளவு நேரமும் தரை என்று நம்பி நான் நின்றுகொண்டிருந்தது இருபத்திரண்டு மாடி உயரத்தில்.

கையில் கீரைக்கட்டோடு வந்த ஒரு பெண்மணி என் திகைப்பைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். கைப்பேசியில் சீன எழுத்தில் இருந்த முகவரியைப் படித்துவிட்டு, சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு கட்டடத்துக்குள் கூட்டிப்போனார். லிஃப்டில் 1 என்ற பொத்தானை அமுக்கினார். கதவு திறந்தபோது நான் மேலிருந்து பார்த்த அந்தத் தெருவிலேயே இருந்தேன். ஹோட்டல் வாசலைக் கைகாட்டிவிட்டு அவர் திரும்ப லிஃப்டில் ஏறிக்கொண்டார். அவருக்குக் கீழே ஒரு வேலையும் இல்லை. எனக்கு வழி காட்டுவதற்காக மட்டுமே அத்தனை மாடி இறங்கி வந்திருக்கிறார்.

அந்த இடத்தின் பெயர் குய்சிங்லோ. ஊர், தென்மேற்குச் சீனாவின் சோங்சிங்.

வரைபடம் சொன்னது பொய்யில்லை. கிழக்கு மேற்கும் தெற்கு வடக்கும் சரியாகத்தான் இருந்தன. இந்த ஊருக்கு மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு, உயரம். அது பிடிபடாமல் சோங்சிங்கில் ஒரு டீக்கடைக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. இங்கே வழி கேட்டால் கிழக்கே போ, மேற்கே போ என்று யாரும் சொல்வதில்லை. ஏறு, இறங்கு, படி முடிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பு. அவ்வளவுதான்.

இரண்டு ஆறு, ஒரு பாறை

திபெத்தியப் பீடபூமியிலிருந்து இறங்கிவரும் யாங்சி ஆறும் வடக்கிலிருந்து வரும் சியாலிங் ஆறும் கூடுகிற இடத்தில், நடுவே நாக்கு நீட்டியதுபோல ஒரு மலைத்திட்டு. அதுதான் பழைய சோங்சிங். நாக்கின் நுனி சாவ்தியன்மன் படித்துறை. கோடையில் போனால் யாங்சி செம்பழுப்பாகவும் சியாலிங் பச்சையாகவும் வந்து, கொஞ்ச தூரம் கலக்காமலே ஒட்டி ஓடுவதைப் பார்க்கலாம்.

1997இல் சோங்சிங், சிச்சுவான் மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டு, பெய்ஜிங், ஷாங்காய், தியான்சின் வரிசையில் மத்திய அரசின் நேரடி ஆட்சியின் கீழ் வந்தது. பரப்பளவு 82,400 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.2 கோடி. உலகின் மிகப்பெரிய நகரம் என்று சிலர் எழுதுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். உண்மையில் அந்த எல்லைக்குள் வயலும் காடும் மலைக்கிராமங்களும் நிறைய இருக்கின்றன. பயணியின் கால் பெரும்பாலும் படுவது அந்த நாக்கிலும் அதன் இரு கரைகளிலும்தான்.

அந்த நாக்கும் ஒரே மட்டமாக இல்லை. மேட்டில் 'மேல்பாதி ஊர்', ஆற்றோரத்தில் 'கீழ்பாதி ஊர்' என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கடைவீதியும் அலுவலகமும் மேலே, படகுத்துறையும் கிடங்கும் கீழே என்றிருந்த காலத்தில் இரண்டுக்கும் நடுவே கல்படிகள்தான். அரிசி மூட்டையும் நிலக்கரியும் நோயாளியும் மணப்பெண்ணும் அந்தப் படிகளில்தான் ஏறினார்கள்.

அதனால் இந்த ஊரில் சுற்றிப்பார்க்க வேண்டியவை எவை என்று என்னைக் கேட்டால், முதலில் போக்குவரத்தைத்தான் சொல்வேன். வேறு ஊர்களில் வண்டி பிடித்து வேடிக்கை பார்க்கப் போவோம். இங்கே வண்டிதான் வேடிக்கை. ஆனால் அதில் எதையும் நமக்காகக் கட்டவில்லை. தினம் ஏறி இறங்கும் உள்ளூர் முழங்கால்களுக்காகக் கட்டினார்கள். அதை மறந்துவிட்டுப் படம் மட்டும் எடுத்தால் ஊரில் பாதிதான் கண்ணில் படும்.

ஒரு யுவான் லிஃப்ட்

காய்சுவான் சாலையில் 1986இல் ஒரு லிஃப்ட் திறந்தார்கள். மேல்பாதி ஊரையும் கீழ்பாதி ஊரையும் இணைக்கும் பொது லிஃப்ட் அது. பேருந்துபோல டிக்கெட் உண்டு, கட்டணம் 1 யுவான். நம் காசுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய். நான் ஏறியபோது உள்ளே ஒரு பள்ளிச் சிறுமி, இரண்டு பாட்டிகள், ஒரு கூடை ஆரஞ்சு. படம் எடுக்க வந்தவன் நான் ஒருவன்தான். கதவு மூடித் திறப்பதற்குள் பாட்டிகள் ஒரு குடும்பக் கதையைப் பேசி முடித்துவிட்டார்கள் என்றே தோன்றியது. நெரிசலில் என் தோள்மேல் சாய்ந்த ஆரஞ்சுக் கூடையை யாரும் பொருட்படுத்தவில்லை.

லியாங்லுகோவிலிருந்து சாய்யுவான்பா ரயில் நிலையப் பகுதிக்கு இறங்கும் பெரிய எஸ்கலேட்டரும் அப்படித்தான். 1996இல் ஓடத் தொடங்கியது. நீளம் 112 மீட்டர், உயரம் ஐம்பது மீட்டருக்கு மேல், கட்டணம் 2 யுவான். ஒரே மூச்சில் இறங்க இரண்டரை நிமிடம் ஆகிறது. முன்னால் நிற்பவரின் தலை நம் பாதத்துக்கும் கீழே தெரியும் அளவுக்குச் செங்குத்து. இது வருவதற்கு முன் மூட்டை முடிச்சோடு ரயிலுக்கு ஓடியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

யாங்சி ஆற்றுக்கு மேலே போகும் கேபிள் காரின் கதை கொஞ்சம் சோகமானது. நகருக்குள் யாங்சியின் முதல் சாலைப் பாலம் 1980இல்தான் வந்தது. அதற்குமுன் அக்கரைக்குப் போகப் படகை நம்ப வேண்டும்; மூடுபனிக்குப் பேர்போன ஊரில் பனி இறங்கினால் படகு நின்றுவிடும். வேலைக்குப் போகிறவர்களின் நெருக்கடியைக் குறைக்கத்தான் 1982இல் சியாலிங் ஆற்றுக்கு மேலும், 1987இல் யாங்சிக்கு மேலும் கம்பி இழுத்தார்கள். பாலங்கள் பெருகியதும் சியாலிங் கேபிள் கார் 2011இல் நின்றுபோனது. யாங்சியில் 1,166 மீட்டர் நீளக் கம்பி இன்னும் ஓடுகிறது. கூண்டு நிறைய சுற்றுலாப் பயணிகள், டிக்கெட் 20 யுவான். விடுமுறை நாளில் வரிசை மணிக்கணக்கில் நீளும். காலையில் திறந்ததும் போய்விடுங்கள். அடுக்குமாடிகளின் பால்கனியில் காயும் துணிகளை ஒட்டியபடி கூண்டு கிளம்பி, சட்டென்று ஆற்றின் நடுவானுக்கு வரும் அந்த ஒரு கணத்துக்காகவே ஏறலாம்.

வீட்டுக்குள் ரயில்

லிசிபா நிலையத்தைப் பார்க்காமல் யாரும் இந்த ஊரை விட்டுப் போவதில்லை. பத்தொன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஆறாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே மோனோரயில் புகுந்து போகிறது. கட்டடம் இருந்த பிறகு அதைக் குடைந்து ரயில் விடவில்லை. மலைச்சரிவில் இடம் இல்லாததால் நிலையத்தையும் வீடுகளையும் ஒன்றாகத் திட்டமிட்டு, ஒரே சமயத்தில் எழுப்பினார்கள். ரயில் பாதையைத் தாங்கும் தூண்கள் வேறு, வீடுகளைத் தாங்கும் தூண்கள் வேறு. அதனால் ரயிலின் அதிர்வு நேராக வீட்டுச் சுவருக்குப் போவதில்லை.

மோனோரயிலைத் தேர்ந்தெடுத்ததற்கும் மலைதான் காரணம். இரும்புச் சக்கரம் வழுக்கும் ஏற்றத்தில் ரப்பர் சக்கரம் கவ்விப் பிடித்து ஏறும், சின்ன வளைவிலும் திரும்பும், சத்தமும் குறைவு. ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் அமைந்த இரண்டாம் தடம் 2005இல் முறையாக ஓடத் தொடங்கியது. சீனாவின் முதல் மோனோரயில் அதுதான். அதன்பின் வந்த மூன்றாம் தடம், கிளைப்பாதையையும் சேர்த்து 67 கிலோமீட்டர் வரை நீள்கிறது. உலகின் மிக நீண்ட மோனோரயில் தடங்களில் ஒன்று.

லிசிபாவில் கீழே சாலையோரம் வேடிக்கை பார்ப்பவர்களுக்கென்று ஒரு மேடையே கட்டியிருக்கிறார்கள். ரயில் வரும்போது வாயைத் திறந்து அதை விழுங்குவதுபோல எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது மேடையைவிட ரயிலின் முதல் பெட்டி. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் நின்றால் இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் பாறை, எதிரே அந்தக் கட்டடத்தின் வயிற்றில் ஓர் இருட்டு ஓட்டை நெருங்கி வருவது தெரியும்.

வானத்தில் ஓடும் அதே ரயில் வலைப்பின்னல் இன்னொரு பக்கம் பாதாளத்துக்கும் போகிறது. ஹோங்துதி நிலையத்தில் பத்தாம் தடத்தின் நடைமேடை தரையிலிருந்து 94 மீட்டர் ஆழத்தில். ஒன்பதாம் தடத்தின் ஹோங்யான்சுன் நிலையம் 116 மீட்டர். எஸ்கலேட்டர் மாறி எஸ்கலேட்டர் என்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஊரில் 'நிலையத்துக்கு வந்துவிட்டேன்' என்று யாராவது சொன்னால், வெளியே வரப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மெட்ரோ கட்டணம் 2 யுவானில் தொடங்குகிறது. அலிபே ஆப்பில் நம் வங்கிக் கார்டை ஊரிலேயே இணைத்துவிட்டுப் போனால், அதில் வரும் க்யூஆர் கோடைக் காட்டி மெட்ரோவிலும் பேருந்திலும் ஏறலாம். தெருமுனை நூடுல்ஸுக்கும் அதுதான் காசு. சீன சிம்மில் கூகுளும் வாட்ஸ்அப்பும் ஓடாது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் ஓடும். வழிக்குச் சீன வரைபட ஆப்தான் நல்லது. எந்த மட்டத்தில் ஏற வேண்டும், எந்த வாசலில் வெளியே வர வேண்டும் என்பதை ஓரளவு சொல்கிறது. பாஸ்போர்ட் எப்போதும் பையில் இருக்கட்டும், பல இடங்களில் டிக்கெட்டுக்கே கேட்பார்கள். இந்தியர்களுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம். டாக்சி பிடித்தால் ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள்: 2017இல் திறந்த ஹுவாங்சுவேவான் மேம்பாலம் ஐந்து அடுக்கு, இருபது கிளைச்சாலை, எட்டுத் திசை. ஒரு கிளையைத் தவறவிட்டால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

படிகளில் மிச்சமிருப்பது

ஹோங்யாதோங்கின் இரவுப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆற்றோரப் பாறையில் சாய்ந்து பதினோரு மாடிக்குப் பொன்விளக்குகள். அடித்தளத்தில் நுழைந்தாலும் தெரு, பதினோராவது மாடியில் வெளியே வந்தாலும் தெரு. மரக்கால் ஊன்றிப் பாறையில் தொங்கும் பழைய வீடுகளின் சாயலில் 2006இல் திறந்த வணிக வளாகம் அது. உள்ளே கடைகளும் நெரிசலும்தான். எதிரே இருக்கும் சியன்சிமன் பாலத்தின் நடைபாதையிலிருந்து, விளக்கு போடுகிற நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும். மே தினம், அக்டோபர் முதல் வாரம் போன்ற விடுமுறைகளில் அந்தப் பாலத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கே விட்டுவிடும் அளவுக்குக் கூட்டம் வரும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஷிபாதி, 'பதினெட்டுப் படி', எனக்கு வருத்தத்தைத் தந்தது. மேல்பாதி ஊருக்கும் கீழ்பாதி ஊருக்கும் இடையில் சவரக்கடை, டீக்கடை, காது குடைபவர், குப்பை பொறுக்குபவர் என்று ஏழைகள் நிறைந்து வாழ்ந்த படித்தெரு அது. வீடுகள் இடியும் நிலையில் இருந்தன, வசதிகள் இல்லை, மாற்றம் வேண்டியிருந்தது என்பதை மறுக்க மாட்டேன். குடியிருந்தவர்களை வேறிடத்துக்கு அனுப்பி, அதே சாயலில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். கல் அழகாக இருக்கிறது. படியில் உட்கார்ந்து அரிசி களைகிறவர் யாரும் இல்லை.

பழைய ஊரின் மூச்சு வேண்டுமென்றால், யாங்சியைப் பார்த்த மலையோரமாகப் போகும் நடைபாதைக்குப் போங்கள். 'மலைநகர நடைபாதை' என்றே அதற்குப் பெயர். பாறையைக் கட்டிப்பிடித்த பலகணிபோலப் பாதை. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய மருத்துவமனைக் கட்டடம். கல்சுவரில் வேர் பரப்பி நிற்கும் ஹுவாங்கே மரங்கள். நம் ஆலுக்கும் அரசுக்கும் உறவான அத்தி இனம். இந்த ஊரின் அடையாள மரம். மண்ணே இல்லாத சுவரிடுக்கில் விழுந்த விதை, சுவரையே தாங்கும் வேராக வளர்ந்திருக்கிறது. அதன் நிழலில் ஒருவர் பறவைக்கூண்டை மாட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

குகைக்குள் கொதிக்கும் சட்டி

ஜப்பான் படையெடுப்பின்போது, 1937 கடைசியில், சீன அரசு நான்ஜிங்கை விட்டுத் தலைநகரை இங்கே மாற்றியது. ஜப்பானிய விமானங்கள் 1938 முதல் 1943 வரை இந்த ஊரின்மேல் குண்டு வீசின. மக்கள் பாறையைக் குடைந்து பதுங்கினார்கள். 1941 ஜூன் 5 இரவு, பெரும் சுரங்கம் ஒன்றுக்குள் அளவுக்கு மீறி அடைந்திருந்த கூட்டம் மூச்சுத் திணறியும் மிதிபட்டும் மாண்டது. ஊர் நடுவே, சியாவ்சாங்கோ பக்கத்தில் அதற்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. பகட்டான கடைகளுக்கு நடுவே அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், தேடிப் போங்கள்.

1939 ஆகஸ்டில் ஜவாஹர்லால் நேரு இங்கே வந்தார். ஐரோப்பாவில் போர் மூண்டதும் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார். அதற்குச் சில மாதம் முன்பு, போரில் காயம்பட்ட சீனர்களுக்குச் சிகிச்சை தர வந்த, டாக்டர் கோட்னிஸ் இடம்பெற்ற இந்திய மருத்துவக் குழு, வடக்கே யானான் போகும் வழியில் இந்த ஊரில் தங்கியிருந்தது. 

குண்டுவீச்சுக்குப் பதுங்கக் குடைந்த அந்தக் குகைகள் இன்றும் பயன்படுகின்றன. சிலவற்றை உணவகமாக்கியிருக்கிறார்கள். கோடையில் சிலவற்றைத் திறந்துவிட்டு, வெயில் தாங்காதவர்கள் வந்து உட்கார இடம் தருகிறார்கள். 2022 ஆகஸ்டில் இந்த மாநகரின் பெய்பெய் பகுதியில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. நம்மூர்க்காரர்கள் வெயிலுக்குப் பழகியவர்கள்தான். ஆனால் ஆற்றுப் பள்ளத்தில் காற்றே அசையாத அந்தப் புழுக்கம் வேறு. மார்ச்-ஏப்ரல் அல்லது அக்டோபர் பாதிக்கு மேல் போவது உத்தமம்.

அப்படியொரு குகைக்குள் உட்கார்ந்துதான் சோங்சிங்கின் ஹாட்பாட் சாப்பிட்டேன். மாட்டுக் கொழுப்பு, வரமிளகாய், ஹுவாசியாவ் என்ற நாக்கை மரக்கவைக்கும் சீன மிளகு மூன்றும் சேர்ந்து மேசை நடுவே சட்டியில் கொதிக்கும். ஆற்றுத்துறைக் கூலிகளும் படகோட்டிகளும் மலிவாகக் கிடைத்த குடலையும் ஈரலையும் வேகவைத்துத் தின்ற சாப்பாடு இது. சட்டிக்குள் ஒன்பது கட்டம் போட்ட தடுப்பு இருக்கும். நடுக்கட்டத்தில் கொதி உக்கிரம். மாட்டு இரைப்பைத் துண்டை அங்கே 'ஏழு தரம் மேலே, எட்டு தரம் கீழே' என்று முக்கி எடுக்க வேண்டும், பதினைந்து விநாடிக்கு மேல் போனால் ரப்பர். மூலைக் கட்டங்களில் கொதி அடங்கியிருக்கும். நேரமெடுத்து வேகும் சங்கதிகளை அங்கே போட்டு மறந்துவிடலாம். தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டு. எள்ளின் வாசம் வந்ததும் ஒரு நிமிடம் வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்துவிட்டது. மாடு சாப்பிடாதவர்கள் 'சிங்யோ' என்று கேட்டால் தாவர எண்ணெய்ச் சட்டி கிடைக்கும். காரம் குறைவாக என்று சொல்ல 'வெய்லா'. அந்தக் குறைந்த காரமும் கண்ணில் நீர் வரவழைக்கும்.

கம்பும் கூடையும்

சாவ்தியன்மன் துணிச் சந்தைப் பக்கம் காலையில் போனபோது பாங்பாங்குகளைப் பார்த்தேன். பாங் என்றால் கம்பு. மூங்கில் கம்பின் இரு முனையிலும் சுமையைக் கட்டி, தோளில் தாங்கிப் படியேறுகிறவர்கள். நாம் காவடி என்போமே, அதே தடி. கிராமத்திலிருந்து வந்த இவர்கள் 1990களில் சில லட்சம் பேர் இருந்ததாகச் சொல்வார்கள். லிஃப்டும் கார் போகும் சாலையும் வீட்டு வாசலுக்கே வரும் பார்சலும் பெருகிவிட்டதால் இன்று மிஞ்சியவர்கள் சிலரே, பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் தன் உயரத்துக்குத் துணிமூட்டையைக் கட்டி, ஒரு கையால் கம்பை அழுத்திக்கொண்டு, படியில் நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறினார். மேலே போனதும் மூட்டையை இறக்காமல், கம்பின் நுனியைச் சுவரில் ஊன்றி, நின்றபடியே இளைப்பாறினார். கம்பின் நடுப்பகுதி தோள் பட்டுப் பட்டுக் கண்ணாடிபோல வழவழப்பாகியிருந்தது.

மறுநாள் சிற்பங்களைப் பார்க்கத் தாசு போய்வந்தேன். அதிவேக ரயிலில் தெற்கு தாசுவுக்குப் போய், அங்கிருந்து பேருந்து. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பாறைச் சிற்பங்கள். பாவ்திங் மலையில் 31 மீட்டர் நீளத்தில் புத்தர் பரிநிர்வாணத்தில் கிடக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு நகர்பவர்கள், நரகக் காட்சிகளுக்கு நடுவே ஒரு பெண் கோழிக்கூடையைத் திறந்துவிடும் சிற்பத்தைத் தவறவிடக் கூடாது. கூடையிலிருந்து வந்த இரண்டு கோழிகள் ஒரு மண்புழுவுக்காக இழுத்துக்கொண்டிருக்கின்றன. கோழி வளர்ப்பதும் கொல்வதில் முடியும் பாவம் என்று சொல்ல வந்த சிற்பம். ஆனால் செதுக்கியவர் அவளுக்குத் தந்திருக்கும் முகம் அவ்வளவு அமைதியானது. ஏறத்தாழ எண்ணூறு வருடமாக அவள் அந்தக் கூடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

கடைசி நாள் விடியலில் நான்காம் தடத்து மெட்ரோவில், ஊருக்கு வெளியே இருக்கும் ஷிசுவான் நிலையத்துக்குப் போய் நின்றேன். 2022இல் இந்தத் தடம் அங்கே நீண்டதிலிருந்து, சுற்றுப்புற விவசாயிகள் தோட்டத்துக் காய்கறியை முதல் ரயிலிலேயே நகரச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். கூடையோடு மெட்ரோவில் ஏற விடலாமா என்று அப்போது ஊரில் பெரிய பேச்சு நடந்தது. விதிக்கு முரணாக எதையும் கொண்டுவராதவரை அவர்களும் பயணிகள்தான் என்று விட்டுவிட்டார்கள். 'முதுகுக்கூடை ரயில்' என்றே இன்று அதற்குப் பெயர்.

கதவு திறக்குமுன்பே வரிசை நின்றிருந்தது. எழுபது வயதுக்காரர்கள், மூங்கில் பின்னிய முதுகுக்கூடை, சிலருக்குத் தோளில் கம்பு வேறு. கழுவிய முள்ளங்கி, வெங்காயத்தாள், கட்டுக்கட்டாகக் கீரை. பெட்டிக்குள் கூடைகளை நடுவே இறக்கிவைத்து அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் அவசரமாக ஈரத்தாளை உதறிக் கட்டுகளைச் சரிசெய்தார். தரையில் சொட்டிய மண்தண்ணீரை என் எதிரில் இருந்த அம்மா கழுத்துத் துண்டால் துடைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். நிலையங்கள் வர வர, கைப்பேசியும் காபியுமாக அலுவலகத்துக்காரர்கள் ஏறிக் கூடைகளுக்கு நடுவே கால் வைத்து நின்றார்கள்.

சந்தை இருக்கும் நிலையம் வந்தது. அந்த அம்மா கூடைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, பட்டைக்குள் தோளை நுழைத்தார். எழ முயன்றார், முடியவில்லை. பின்னால் நின்ற பள்ளிச் சீருடைப் பையன் ஒருவன், காதிலிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றாமலே, ஒரு கையால் கூடையின் அடியைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்த வேகத்தில் கதவைத் தாண்டி, எஸ்கலேட்டரை நோக்கி நடந்துவிட்டார்.